அந்தப் பள்ளிக்கூடப் படத்தை இரண்டு வரியில் தள்ளிவிடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறையில் பிள்ளைகள் என்னென்ன பார்க்கிறார்கள் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘டிசி சூப்பர் ஹீரோ கேர்ள்ஸ்: சூப்பர் ஹீரோ ஹை’ என்ற அமெரிக்க அனிமேஷன் தொலைக்காட்சிப் படத்துக்கு அதில் இரண்டே வரி கொடுத்திருந்தீர்கள். பொம்மை விற்க எடுத்த நீளமான விளம்பரம், பெண் பிள்ளைகளுக்குச் சண்டை மோகத்தை ஏற்றிவிடும், அவ்வளவுதான். கதை என்ன என்று ஒரு வார்த்தை இல்லை, யார் எழுதினார்கள், யார் குரல் கொடுத்தார்கள் என்பதும் இல்லை. ஒரு சுமாரான மசாலாப் படத்துக்குக்கூட ஒளிப்பதிவாளர் பெயர் முதற்கொண்டு போட்டு அரைப் பக்கம் விமர்சனம் எழுதுகிற பத்திரிகை இது. பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பார்க்கிற ஒரு படத்துக்கு இரண்டு வரிதானா என்ற ஆதங்கத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் நடுநிலைப் பள்ளியில் பாடம் எடுப்பவள், வீட்டிலும் ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள், இந்தப் படத்தை அவளோடு உட்கார்ந்து முழுசாகப் பார்த்திருக்கிறேன்.

முதலில் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கார்ட்டூன் நெட்வொர்க்கின் சகோதர சேனலான பூமராங்கில் 2016 மார்ச் 19-ஆம் தேதி இது ஒளிபரப்பானது. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு முன் 2015 அக்டோபரில் இருந்தே இதே பாத்திரங்களை வைத்து யூடியூபில் இரண்டு மூன்று நிமிடக் குட்டிக் குட்டி அத்தியாயங்கள் வந்துகொண்டிருந்தன, அந்த உலகத்தை முதன்முதலில் நீளமான கதையாக விரித்தது இந்தப் படம்தான். தொடரின் கதையை எழுதியவர் ஷீ ஃபோண்டானா, தயாரிப்பில் முக்கியப் பங்கு ஜெனிஃபர் காயலுக்கு. இரண்டு பேருமே பெண்கள். சூப்பர் ஹீரோ கார்ட்டூன் என்றாலே ஆண்கள் உட்கார்ந்து ஆண் பிள்ளைகளுக்காகச் செய்வது என்று இருந்த ஒரு துறையில் இது சாதாரண விஷயம் இல்லை, கட்டுரையில் அதையாவது குறிப்பிட்டிருக்கலாம்.

கதை நடப்பது ஒரு உயர்நிலைப் பள்ளியில். சக்தி உள்ள பிள்ளைகள் எல்லாம் அங்கே வந்து தங்கிப் படிக்கிறார்கள். வொண்டர் வுமன், பம்பிள்பீ, கட்டானா என்று நாயகிகள் இருப்பது எதிர்பார்த்ததுதான். ஆனால் அதே வகுப்பில் ஹார்லி குவின் உட்கார்ந்திருக்கிறாள், பாய்சன் ஐவி உட்கார்ந்திருக்கிறாள், சீட்டாவும் கேட்வுமனும் இருக்கிறார்கள். காமிக்ஸ் படித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உடனே புரியும். 1992-ல் வந்த பேட்மேன் கார்ட்டூன் தொடரில் ஜோக்கரின் கூட்டாளியாகப் பிறந்தவள் ஹார்லி. பாய்சன் ஐவி 1966-ல் இருந்து பேட்மேனின் எதிரி. சீட்டா வொண்டர் வுமனின் பரம்பரை விரோதி என்றே சொல்லலாம். இவர்கள் எல்லோருக்கும் பதினைந்து பதினாறு வயது இருக்கும்போது என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று கேட்டு, அதற்கு இந்தத் தொடர் சொல்கிற பதில்: எல்லோரையும் போலப் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள். வொண்டர் வுமனின் அறைத்தோழியே ஹார்லிதான். சேட்டை தாங்காது, எதையாவது வெடிக்க வைப்பாள், எல்லாவற்றையும் படம் பிடிப்பாள், ஆனால் தோழிக்கு ஒன்று என்றால் முதலில் ஓடி வருகிறவளும் அவளே. பாய்சன் ஐவி கூச்ச சுபாவம் உள்ள, செடிகொடிகளோடும் சோதனைச் சாலையோடும் இருக்கிற பிள்ளை. இவர்களைக் காட்டும்போது, பார், பின்னால் கெட்டுப்போகப் போகிறவள் என்று படம் ஒரு இடத்திலும் கண் காட்டுவதில்லை. எனக்கு இந்தப் படம் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அதுதான். ஒரு பிள்ளை என்னவாகப் போகிறாள் என்று இன்னும் முடிவாகவில்லை என்பதை இவ்வளவு உறுதியாக நம்புகிற குழந்தைகள் படத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை யார் தெரியுமா, அமாண்டா வாலர். 1986-ல் காமிக்ஸில் அறிமுகமான பாத்திரம். அங்கே அவர் ஈவு இரக்கம் பார்க்காத அரசாங்க அதிகாரி, சிறையில் இருக்கும் குற்றவாளிகளைப் பிடித்து, தண்டனையைக் குறைக்கிறேன் என்று சொல்லி உயிர் போகிற வேலைகளுக்கு அனுப்புகிறவர். இந்தப் படம் வந்த அதே 2016-ல், ஆகஸ்ட் மாதம், வயது வந்தவர்களுக்கான ‘சூசைட் ஸ்குவாட்’ திரைப்படமும் வந்தது, அதில் வயோலா டேவிஸ் நடித்தது இதே வாலராகத்தான், ஹார்லியும் அதில் உண்டு. ஒரே ஆண்டில், ஒரே கம்பெனி, அதே இரண்டு பெண்களை வைத்து இரண்டு கதை சொல்கிறது. ஒன்றில் வாலர் ஹார்லியைக் கருவியாகப் பயன்படுத்துகிறார், இன்னொன்றில் ஹார்லிக்கு வகுப்பு நடத்துகிறார். யெவெட் நிக்கோல் பிரவுன் கொடுத்திருக்கும் குரலில் கண்டிப்பு அப்படியே இருக்கிறது, சலுகையே காட்டமாட்டார், ஆனால் அந்தக் கண்டிப்பு யாரையும் வெளியே தள்ளுவதற்காக இல்லை. துணைத் தலைமையாசிரியரோ கொரில்லா குரோட், மின்னல் வேகத்தில் ஓடுகிற நாயகன் ஃப்ளாஷின் பழைய எதிரி. ஆக ஆசிரியர் அறையிலும் ஒரு காலத்து வில்லன். பிள்ளைகள் இதைக் கவனிக்காமல் இருக்கலாம், அவர்களுக்கு அது பேசுகிற கொரில்லா, அவ்வளவுதான். காமிக்ஸ் தெரிந்த பெற்றோருக்கு அது வேறு மாதிரி படும்.

இதைச் சொல்லும்போது நம் ஊர் ஞாபகம் வராமல் இருக்காது. சிவகாசியில் இருந்து 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே இரும்புக்கை மாயாவிதான். பிரிட்டிஷ் மூலக்கதையில் அந்த மாயாவி ஆரம்பத்தில் தப்பான வழியில் போனவர், பிறகுதான் நல்ல பக்கம் வந்தார். 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸில் நம்மவர்கள் கொண்டாடிய ஸ்பைடர் இன்னும் ஒரு படி மேலே, குற்ற உலகின் சக்கரவர்த்தி ஆகப்போகிறேன் என்று கிளம்பியவன். அந்த ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியது சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் என்பது இன்னொரு சுவாரஸ்யம். கெட்டவனாக இருந்து மாறியவர்களை நாயகர்களாக ஏற்றுக்கொண்டு, பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்து வளர்ந்தவர்கள் தமிழ் வாசகர்கள். அதனால் ஹார்லியும் ஐவியும் நாயகிகளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பது நமக்கு ஒன்றும் புரியாத அமெரிக்கச் சமாச்சாரம் இல்லை. இதையெல்லாம் தொட்டு எழுத உங்களுக்கு நிறைய இடம் இருந்தது.

சரி, கதைக்கு வருகிறேன். படத்தின் நாயகி புதிதாக வந்து சேர்கிற சூப்பர்கேர்ள். கிரிப்டான் கிரகம் அழிந்து, அப்பா அம்மா இல்லாமல் பூமிக்கு வந்தவள். பள்ளியில் இருக்கிற எல்லோரையும்விட அவளுக்குப் பலம் அதிகம், அந்தப் பலமே அவளுக்குப் பிரச்சினை. தொட்டதெல்லாம் உடைகிறது, பறக்கப் போனால் எதிலாவது போய் முட்டுகிறாள். முதல் பார்வைக்கு இது சிரிப்புக் காட்சிதான், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஆனால் அந்தத் தடுமாற்றத்துக்குக் கீழே துக்கம் இருக்கிறது என்பதைப் படம் மறைக்கவில்லை. வீடு போய்விட்ட பிள்ளை, புது ஊர், புதுப் பள்ளி, எல்லோரும் ஏற்கெனவே ஒருவருக்கொருவர் சிநேகம், இவள் மட்டும் நடுவில். அனாயிஸ் ஃபேர்வெதர் அந்தக் குரலில் உற்சாகத்தையும் தவிப்பையும் மாற்றி மாற்றிக் கொண்டுவருகிறார். நடு வருடத்தில் மாற்றல் சான்றிதழோடு வந்து கடைசி வரிசையில் உட்காருகிற பிள்ளைகளை எங்கள் பள்ளியில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சேட்டை செய்யும்போது ஆசிரியர்களாகிய எங்களுக்குச் சேட்டைதான் கண்ணில் படும். அந்த வயதுப் பிள்ளைக்குத் தன் துக்கத்தைச் சொல்ல வார்த்தை கிடைக்காது, எதையாவது தட்டிவிடத்தான் தெரியும். இந்தப் படம் அதை ஒரு வசனம்கூட இல்லாமல் சொல்லிவிடுகிறது.

இந்தத் தனிமையில்தான் அவள் நூலகத்துக்குப் போகிறாள், அங்கே ஒரு பாட்டி இருக்கிறாள். அன்பான நூலகர், பெயரே கிரானி குட்னெஸ், நற்குணப் பாட்டி என்று வைத்துக்கொள்ளலாம். சூப்பர்கேர்ள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறாள், தலையைத் தடவாத குறையாக ஆறுதல் சொல்கிறாள். அந்தப் பாட்டிதான் படத்தின் வில்லி. அபோகோலிப்ஸ் கிரகத்தின் கொடுங்கோலன் டார்க்சைடுக்காக வேலை செய்பவள், ஒரு காரியத்துக்காகப் பள்ளிக்குள் நுழைந்திருக்கிறாள். காமிக்ஸ் ஓவியர் ஜாக் கிர்பி 1971-ல் உருவாக்கிய பாத்திரம் இது. காமிக்ஸில் அவள் அனாதை இல்லம் நடத்துவாள், அன்பு என்ற பெயரில் அடித்து மிரட்டி, அங்கே இருக்கிற பிள்ளைகளை டார்க்சைடின் படைவீரர்களாக்குவாள். ஏழு எட்டு வயதுப் பிள்ளைகளுக்கான படத்தில் இவ்வளவு கொடூரத்தைக் காட்ட முடியாது, காட்டவும் இல்லை. ஆனால் சாராம்சத்தை விடவில்லை: யாரிடமும் பேச முடியாமல் இருக்கிற பிள்ளையைத் தேடிப்போய் முதலில் அன்பு காட்டுகிற பெரியவர், அந்த அன்பை வைத்தே அவளைப் பயன்படுத்த முடியும். நீங்கள் சண்டை மோகம் என்று எழுதினீர்கள். படத்தில் என் மகளைப் பயமுறுத்தியது சண்டை இல்லை, இந்தப் பாட்டிதான். நல்லவங்க மாதிரிதானே பேசினாங்க என்று கேட்டாள். பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல் என்று பள்ளியில் வகுப்பு எடுக்கிறோம், சுவரொட்டி ஒட்டுகிறோம், எல்லாம் தேவைதான். ஆனால் அன்பாகப் பேசுகிற ஒருவரைச் சந்தேகிக்கலாம், அப்படிச் சந்தேகித்தால் தப்பில்லை என்பதை ஒரு பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று நான் திணறியிருக்கிறேன். இந்தக் கதையை வைத்து அன்றைக்கு எங்களால் பேச முடிந்தது. இதற்காகவே இந்தப் படத்துக்கு நான் நன்றி சொல்வேன்.

அந்தப் பாட்டி வளர்த்த படையில் ஒருத்தி பிக் பர்டா. கிரானி சொன்னதைச் செய்துகொண்டு எதிர்ப்பக்கம் நின்று அடிக்கிறவள். கிரானி செய்ததை மன்னிப்பதற்கு இடமில்லை, ஆனால் அவள் கையில் வளர்ந்த பிள்ளை வேறு கணக்கு. பின்னால் வந்த கதைகளில் பர்டா இதே பள்ளியில் மாணவியாகிவிடுகிறாள். எதிரியாக நின்ற பிள்ளைக்கு அடுத்த வருடம் அதே பள்ளியில் நாற்காலி போடுகிறார்கள். சுலபமாகவும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை, கூடப் படிக்கிறவர்களுக்கு அவள்மேல் தயக்கம் இருக்கத்தான் செய்கிறது. நம்முடைய குழந்தைக் கதைகளில் பெரும்பாலும் கெட்டவர் தோற்றதும் கதை முடிந்துவிடும், தோற்ற பிறகு அவர் எங்கே போனார், யார் சோறு போட்டார்கள் என்ற கேள்வியே வராது.

அப்புறம் பார்பரா கார்டன். எனக்கு மிகவும் பிடித்தவள் இவள்தான். சக்தி எதுவும் கிடையாது. பள்ளியின் கணினிகளைப் பழுது பார்க்கிற, தொழில்நுட்ப வேலைகளைக் கவனிக்கிற பெண்ணாக வருகிறாள், மாணவியே இல்லை. போலீஸ் கமிஷனரின் மகள், அந்தக் கமிஷனர் கார்டன் இதே பள்ளியில் தடயவியல் பாடம் நடத்துகிறார். மகள் ஆபத்தான வேலையில் கால் வைப்பதில் அவருக்குத் துளியும் விருப்பமில்லை. சூப்பர்கேர்ளுக்குக் கிடைக்கிற முதல் உண்மையான சிநேகிதி பார்பராதான், பலம் மட்டும் இருக்கிற ஒருத்தியும் மூளை மட்டும் இருக்கிற ஒருத்தியும் சேர்ந்து நிற்பதில்தான் கதையே நகர்கிறது. கடைசியில் பார்பரா பேட்கேர்ள் ஆகிறாள், பள்ளியில் இடம் கிடைக்கிறது. யாரோ போட்ட பிச்சையாக இல்லை, அவள் வேலை செய்து சம்பாதித்த இடம் அது.

இந்தப் பார்பராவுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1967-ல் காமிக்ஸில் அறிமுகமான பேட்கேர்ளை, 1988-ல் வந்த ஒரு கதையில் ஜோக்கர் சுட்டுவிடுகிறான், முதுகெலும்பு போய்விடுகிறது. கதையில் அவளுக்கு அதற்கு மேல் வேலை இல்லை, பேட்மேனுக்குக் கோபம் வருவதற்கு ஒரு காரணம், அவ்வளவுதான். அதைப் பொறுக்காமல் ஜான் ஆஸ்ட்ராண்டர், கிம் யேல் என்ற எழுத்தாளர் தம்பதி, சக்கர நாற்காலியில் இருக்கும் பார்பராவை 1989-ல் ‘ஆரக்கிள்’ என்ற பெயரில் மறுபடி கொண்டுவந்தார்கள். கணினியும் தகவலும்தான் அவளுடைய ஆயுதம், ஊரில் உள்ள நாயகர்கள் எல்லோரும் அவளைக் கேட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைப்பார்கள். அவள் முதலில் தலை காட்டியது அமாண்டா வாலரின் சூசைட் ஸ்குவாட் கதையில், அந்த வாலரை உருவாக்கியவர்களில் ஒருவரும் இதே ஆஸ்ட்ராண்டர்தான். இப்போது இந்தப் படத்தைப் பாருங்கள். வாலர் நடத்துகிற பள்ளியில், கணினி அறையில், பார்பரா. இதை எழுதியவர்கள் அந்த வரலாறு தெரிந்து, அதன்மேல் மரியாதை வைத்து எழுதியிருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். வெறும் விளம்பரம் எழுதுகிறவர் இவ்வளவு மெனக்கெட மாட்டார்.

பொம்மை விஷயத்துக்கு வருகிறேன், அதில் உங்கள் கட்டுரை சொன்னது பொய் இல்லை. 2015 ஏப்ரலில் இந்தத் தொடரை அறிவித்தபோதே படக் கம்பெனி வார்னர் பிரதர்ஸ், இந்தப் பாத்திரங்களை வைத்திருக்கும் காமிக்ஸ் கம்பெனி டிசி ஆகியவற்றோடு மேட்டல் பொம்மைக் கம்பெனியும் சேர்ந்துதான் அறிவித்தார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளைகளுக்காக என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். டிஸ்னி இளவரசிப் பொம்மைகளைச் செய்யும் உரிமை 2016-ல் மேட்டலிடம் இருந்து போட்டிக் கம்பெனியான ஹாஸ்ப்ரோவுக்குப் போனது, அந்த இடத்தை நிரப்ப அவர்களுக்கு ஏதாவது வேண்டியிருந்தது. வியாபாரம் இருக்கிறது, யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் நிலைமை எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம். ‘யங் ஜஸ்டிஸ்’ என்ற பதின்வயது சூப்பர் ஹீரோ தொடர் 2013-ல் நிறுத்தப்பட்டது, அதன் பொம்மைகள் சரியாகப் போகாததால் பணம் வரவில்லை என்று அதைச் செய்தவர்களே சொன்னார்கள். அதே ஆண்டு கடைசியில், ஹார்லி குவினை உருவாக்கியவர்களில் ஒருவரான பால் டினி ஒரு ஒலிப்பேட்டியில் மனம் விட்டுப் பேசினார்: பெண் பிள்ளைகள் பார்ப்பதைச் சேனல் மேலிடம் விரும்பவில்லை, அவர்கள் பொம்மை வாங்க மாட்டார்கள் என்று நினைக்கிறார்கள் என்றார். அதாவது ஒரு பெண் பிள்ளை சூப்பர் ஹீரோ கதையை ஆசையாகப் பார்ப்பதே கணக்கில் வராத, சொல்லப்போனால் நஷ்டமாகப் பார்க்கப்பட்ட காலம் அது. இரண்டே வருடத்தில் அதே தொழில்துறை, பெண் பிள்ளைகளுக்கென்று ஆறு அங்குலத்தில் சண்டைக்கு நிற்கிற ஆக்‌ஷன் பொம்மைகளும் பன்னிரண்டு அங்குலப் பொம்மைகளும் செய்து கடையில் வைத்தது. பணத்துக்காகத்தான் செய்தார்கள். ஆனாலும், பெண் பிள்ளைகளும் பார்வையாளர்கள் என்பதை அந்தப் பணம்தான் அவர்களை ஒத்துக்கொள்ள வைத்தது. இந்த முழு விவரத்தையும் சொல்லாமல் பொம்மை விளம்பரம் என்று மட்டும் முத்திரை குத்துவது பாதி உண்மை. ஆண் பிள்ளைகளின் ரோபோ கார்ட்டூன்களும் கார் கார்ட்டூன்களும் காலகாலமாகப் பொம்மைக்காகத்தான் எடுக்கப்படுகின்றன, அதற்காக அவற்றை யாரும் இவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடுவதில்லை.

படத்தில் குறையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. பெரிய குறை உருவங்கள். பொம்மைக்கு வசதியாக வரைந்ததாலோ என்னவோ, அமேசான் வீராங்கனையான வொண்டர் வுமனுக்கும் வேற்றுக் கிரகத்துப் பெண்ணுக்கும் சாதாரணப் பெண்ணுக்கும் கிட்டத்தட்ட ஒரே ஒல்லி உடம்பு, பெரிய கண், நீண்ட கால். பேருந்தைத் தூக்கக்கூடிய ஒருத்திக்குக் கையில் சதையே இல்லை. உடம்பைப் பற்றிப் பெண் பிள்ளைகள் கவலைப்பட ஆரம்பிக்கிற வயதில் இது சின்ன விஷயம் இல்லை. 2019-ல் லாரன் ஃபாஸ்ட் இதே தலைப்பில் கார்ட்டூன் நெட்வொர்க்குக்குப் புதிதாகச் செய்த தொடரில் இதைத் திருத்திக்கொண்டார்கள். அங்கே வொண்டர் வுமன் நல்ல திடகாத்திரமாக இருக்கிறாள், ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு உடம்பு. அந்தத் தொடரில் அவர்கள் படிப்பது சாதாரணப் பள்ளியில், சக்தியை மறைத்துக்கொண்டு, அது வேறு சுவை. இன்னொரு குறை வேகம். சூப்பர்கேர்ளின் துக்கம், பாட்டியின் சூழ்ச்சி, பார்பராவின் ஆசை, கடைசிச் சண்டை என்று எல்லாவற்றையும் இவ்வளவு சின்ன நேரத்துக்குள் அடைத்ததில் பர்டாவுக்கு இடமே போதவில்லை. அப்புறம் ‘இந்த மாதத்தின் ஹீரோ’ என்று ஒவ்வொரு மாதமும் ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கிற வழக்கம் அந்தப் பள்ளியில் உண்டு, எனக்கு அது உறுத்தலாகவே இருக்கிறது. யாரையும் முன்கூட்டியே தீர்மானிக்காத ஒரு பள்ளிக்குப் பலகையில் பெயர் போட்டுக் கொண்டாடுகிற இந்தப் போட்டி எதற்கு? உங்கள் கட்டுரையாளர் இதையெல்லாம் எடுத்துச் சொல்லித் திட்டியிருந்தால் நான் சந்தோஷமாகத் தலையாட்டியிருப்பேன்.

சண்டை மோகம் என்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. படத்தில் சண்டை இருக்கிறது, ரத்தம் கிடையாது. ஆண் பிள்ளைகள் தினமும் பார்க்கிற கார்ட்டூன்களில் இதைவிடப் பலமடங்கு அடிதடி உண்டு. பெண் பிள்ளை கை ஓங்கினால் மட்டும் ஏன் நமக்குக் கவலை வருகிறது என்று கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் தொழிலும் காரணம். எங்கள் வகுப்பறைகளில் மெல்லக் கற்போர், மீத்திறன் மிக்கோர் என்று பட்டியல் எடுக்கிறோம். உதவி தேவைப்படுகிறவர்களைக் கண்டுபிடிக்கத்தான் அந்தப் பட்டியல், நோக்கம் நல்லது. ஆனால் ஜூன் மாதம் எழுதின பெயர் மார்ச் வரைக்கும் அதே பக்கத்திலேயே இருந்துவிடுகிறது, ஆசிரியர் அறையில் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசும் பேச்சும் மாறுவதில்லை, இவன் தேறமாட்டான், இவள் வாயாடி, இவன் அப்பனைப் போலத்தான் வருவான் என்று. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பற்றிப் பெரியவர்கள் இவ்வளவு நிச்சயமாகப் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. ஹார்லி குவினை நாயகிகளின் வகுப்பில் உட்கார வைத்து, அவள் என்னவாகப் போகிறாள் என்பதை இப்போதே சொல்ல மாட்டேன் என்று ஒரு கார்ட்டூன் பிடிவாதம் பிடிக்கிறது என்றால், அதை ஆசிரியர்களும் உட்கார்ந்து பார்க்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. மாதத்துக்கு ஒரு முறையாவது குழந்தைகளுக்கான ஒரு படத்தையோ தொடரையோ எடுத்து, முழுசாகப் பார்த்து, ஒழுங்காக விமர்சனம் எழுதச் சொல்லுங்கள். எழுதியவர், இயக்கியவர், குரல் கொடுத்தவர் பெயரைப் போடுங்கள். தமிழ் டப்பிங்கில் வருகிறது என்றால் அந்தத் தமிழ் எப்படி இருக்கிறது, பிள்ளைகள் பேசுகிற தமிழாக இருக்கிறதா என்று சொல்லுங்கள், டப்பிங் கலைஞர்களின் பெயரும் வரட்டும், அவர்களின் குரலைக் கேட்டுத்தான் ஒரு தலைமுறையே வளர்ந்திருக்கிறது. எந்த வயதுக்கு ஏற்றது, எந்த இடத்தில் பிள்ளை பயப்படலாம், எந்த இடத்தில் பெரியவர் பக்கத்தில் இருப்பது நல்லது என்று நாலு வரி சேர்த்தால் பெற்றோருக்குப் பெரிய உதவி. பிடிக்கவில்லை என்றால் காரணத்தோடு திட்டுங்கள், அதில் எனக்கு வருத்தமே இல்லை.

இந்தப் படத்தைப் பொறுத்தவரை, ஏழு வயதுக்கு மேல் தாராளமாகப் பார்க்கலாம், ஆண் பிள்ளைகளும் பார்க்கட்டும். நூலகப் பாட்டி வரும் காட்சிகளில் மட்டும் கூட உட்காருங்கள், பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி ஆசிரியை,
விருதுநகர்